அம்மாவின் நேர்ச்சை: நீர்கொழும்பிலிருந்து மட்டக்களப்பு வரை

19 ஏப்ரல் 2025, சனி. நீர்கொழும்பு

இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி வெளியே வந்ததும் தூத்துக்குடி வெக்கைதான் முகத்தில் அடித்தது. ஒரே கடல், ஒரே உப்புக்காற்று. அம்மாவுக்கு இது முதல் விமானப் பயணம். சென்னையிலிருந்து ஒன்றேகால் மணி நேரமும் செபமாலையை விரலில் உருட்டிக்கொண்டே வந்தாள்.

எதற்கு வந்தோம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஆகஸ்டில், பனிமய மாதா திருவிழாவில் சப்பரம் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்த என் தம்பியை ஒரு லாரி அடித்துவிட்டது. டிரைவர் தூங்கிவிட்டாராம். அவ்வளவுதான் காரணம். அவனுக்கு 31 வயது. ரோட்டோரமாகத்தான் நடந்தான். கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வந்தான்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் யோபு சொன்னதையே சொன்னார்கள். ஆண்டவர் கொடுத்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார். நல்லவர்களைச் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வார் என்றார் ஒரு சித்தப்பா. அன்றோடு நான் பூசைக்குப் போவதை நிறுத்தினேன். அம்மா ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. அதில் எனக்கு அம்மா மேல் கோபம்கூட இருந்தது.

எங்கள் தாத்தா தோணியில் கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிப் போனவர். அவர் கொழும்புக் கொச்சிக்கடைக் கோயிலிலிருந்து வாங்கி வந்த அந்தோனியார் படம் இன்னும் வீட்டில் இருக்கிறது. அதன் முன்னால் நின்று, தம்பியின் ஆத்துமத்துக்காகக் கொச்சிக்கடையில் ஏழைகளுக்கு 31 பாண், அதாவது ரொட்டி, கொடுப்பதாக அம்மா நேர்ந்துகொண்டாள். கூட வர வேறு ஆள் இல்லாததால் நான் வந்தேன்.

தங்கின வீட்டுக்காரம்மா சிங்களக் கத்தோலிக்கர். தமிழ் கொஞ்சம்தான் வரும். சித்திரைப் புத்தாண்டுப் பலகாரம் மீதியிருந்தது என்று கொக்கிஸும் கெவுமும் தட்டில் வைத்துத் தந்தார். அறை வாடகை 6,000 இலங்கை ரூபாய். நம் காசுக்கு 1,700 வரும். இரவு தெருமுனைக் கடையில் முட்டை அப்பமும் கட்டசம்பலும். சம்பலில் மாசித்தூள் வாசம் வந்ததும், "நம்ம ஊரு மாசிதாம்ட்டி" என்று அம்மா இன்னொரு அப்பம் கேட்டு வாங்கினாள். பாஸ்கா பூசைக்குக் கிளம்பும் நேரத்தில் இடியோடு மழை பிடித்துக்கொண்டது. தெருவே தெரியவில்லை. காலையில் போகலாம் என்று படுத்துவிட்டோம்.

20 ஏப்ரல், ஞாயிறு. கட்டுவாப்பிட்டி

2019-லும் உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டர் ஏப்ரலில்தான் வந்தது, 21-ஆம் தேதி. காலை எட்டே முக்காலை ஒட்டி, கொழும்பில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், இங்கே கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்கள், ஒன்பது மணிக்குப் பிறகு மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் என்று வரிசையாகத் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 250-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அதில் நூறுக்கும் மேல் இந்த ஒரு கோயிலில். நாற்பது நாள் தவம் இருந்து, புதுத்துணி உடுத்தி, பூசை முடியப்போகிற நேரம்.

வாசலில் ராணுவமும் போலீஸும் நின்றார்கள். பையைத் திறந்து பார்த்த பெண் போலீஸ் அம்மாவின் செபமாலையைத் தொட்டுவிட்டு, தன் கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையையும் எடுத்துக் காட்டிச் சிரித்தார்.

உள்ளே எல்லாம் புதுசு. குண்டு கூரையையே பிய்த்தெறிந்த கோயில் அது. மூன்றே மாதத்தில் திரும்பக் கட்டி, ஜூலையிலேயே திறந்துவிட்டார்கள். பூசை சிங்களத்தில். ஒரு சொல் புரியவில்லை. ஆனால் எந்த இடத்தில் எழ வேண்டும், எந்த இடத்தில் முழந்தாள் போட வேண்டும் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. எட்டு மாதம் கழித்து நான் முழந்தாள் போட்டேன். செபம் எதுவும் வரவில்லை.

பூசை முடிந்து கூட்டம் கலைந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற உயிர்த்த ஆண்டவர் சுரூபத்தைப் பார்க்கப் போனோம். அன்றைக்குக் கோயிலுக்குள் இருந்த அதே சுரூபம். கை தூக்கி நிற்கிறார். வெள்ளை அங்கியில், மார்பில், முகத்தில் எல்லாம் ரத்தம் தெறித்த புள்ளிகள். கழுவவில்லை. இப்போது அது சிவப்பாக இல்லை, துருப்பிடித்த நிறத்தில் காய்ந்து கிடக்கிறது. படத்தில் எத்தனையோ தடவை பார்த்ததுதான். நேரில் பார்க்கும்போது ஒவ்வொரு புள்ளியும் யாரோ ஒருவருடையது என்பது வயிற்றில் இறங்குகிறது.

பக்கத்தில் ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும், வெள்ளைச் சட்டையும் பாவாடையுமாக நின்றிருந்தார். உள்ளங்கையைக் கண்ணாடியில் அழுத்தி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நேரம். பிறகு கையை எடுத்தார். கண்ணாடியில் வியர்வையில் கைரேகை பதிந்திருந்தது. கைக்குட்டையை எடுத்து அதைச் சுத்தமாகத் துடைத்தார், தன் வீட்டு மேசையைத் துடைப்பது மாதிரி. எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். வெளியே போய், பெயர்கள் பொறித்த நினைவுச்சின்னத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்துவிட்டு நடந்தார். அவரிடம் பேச எனக்கு மொழி இல்லை. இருந்திருந்தாலும் என்ன கேட்டிருப்பேன்?

உயிர்த்து வந்த பிறகும் கர்த்தர் காயங்களோடுதான் வந்தார். தோமையாரை விரல் விட்டுப் பார்க்கச் சொன்னார். சின்ன வயதிலிருந்து கேட்ட சுவிசேஷம். காயம் ஆறிவிட்டது என்று அதில் எங்கேயும் இல்லையே என்பது இந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால்தான் எனக்கு உறைத்தது.

மதியம் கொழும்புக்குக் கிளம்பும்போது ஒரு தப்பு பண்ணிவிட்டேன். பஸ் நிலையத்தில் "கொச்சிக்கடை" என்று மட்டும் கேட்டேன். ஏற்றிவிட்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்து, தென்னந்தோப்பும் ஆறுமாக ஓர் ஊரில் இறக்கிவிட்டார் நடத்துநர். நீர்கொழும்புக்கு வடக்கேயும் ஒரு கொச்சிக்கடை இருக்கிறதாம்! நடத்துநருக்கு எங்களைவிட வருத்தம். டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்து, எதிர்ப்பக்கம் கூட்டிப் போய், கொழும்பு பஸ்ஸை நிறுத்தி, அம்மாவை முன் சீட்டில் உட்காரவைத்துவிட்டுத்தான் தன் பஸ்ஸுக்கு ஓடினார். அதுவரை அந்த பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் காத்திருந்தார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

21 ஏப்ரல், திங்கள். கொழும்பு, கொச்சிக்கடை

விடிகாலையில் ஜம்பட்டா வீதியில் ஒரு பேக்கரியில் பாண் வாங்கினோம். றாத்தல் பாண் 140 ரூபாய், 31-க்கு 4,340. அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்தது, பை வழியாகக் கை சுட்டது. கடைக்காரர் தமிழர். நேர்ச்சை என்றதும் 4,000 போதும் என்றார். அம்மா சம்மதிக்கவில்லை. "நேர்ச்சைக்குக் குறைச்சுக் குடுக்கக் கூடாதுய்யா."

இந்தக் கோயிலின் கதையே தலைமறைவில் தொடங்குகிறது. டச்சுக்காரர்கள் கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த காலத்தில், வியாபாரி வேடத்தில் ஒளிந்து திரிந்த அந்தோனி என்ற குருவானவரை மீனவர்கள் காப்பாற்றினார்கள் என்றும், கடல் ஊரை அரித்தபோது அவர் சிலுவை நட்டுச் செபிக்க, கடல் பின்வாங்கியது என்றும் சொல்வார்கள். அவர் கொச்சியிலிருந்து வந்தவர். செவ்வாய்க்கிழமைகளில் இங்கே இந்துக்கள், பௌத்தர்கள், முஸ்லிம்கள் எல்லாரும் வருவார்கள். குண்டு வைத்தவன் இந்த வாசல் வழியாகத்தான் நுழைந்திருக்கிறான்.

ஆறாம் ஆண்டு நினைவு நாள். தெருவை அடைத்திருந்தார்கள். பாண் பைகளை உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லை என்றார் காவலுக்கு நின்ற ராணுவ வீரர். அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. சுரூபத்தின் காலடியில் வைத்து எடுத்துக் கொடுப்பதாகத்தான் நேர்ந்திருந்தாள். "இதுலயும் பிள்ளைக்குக் குடுத்து வைக்கலியே" என்று அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை முட்டியது. அந்த வீரருக்கு இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். தமிழ் தெரியாது. பக்கத்தில் நின்ற ஒரு ஆட்டோக்காரர் விஷயத்தைச் சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். கேட்டுவிட்டு அவன் ஒரு பாணை மட்டும் எடுத்து, பிரித்துப் பார்த்து, அம்மா கையில் கொடுத்து உள்ளே போகச் சொன்னான். மீதிப் பைகளைத் தன் காலடியில் வைத்துக்கொண்டான்.

எட்டே முக்காலுக்கு மணி அடித்தது. இரண்டு நிமிடம் மௌனம். அவ்வளவு ஜனத்தில் ஒரு குழந்தை மட்டும் எதற்கோ சிணுங்கியது. காவி உடுத்த பிக்குகள், மௌலவிமார், குருக்கள், கன்னியாஸ்திரிகள் எல்லாரும் தலை குனிந்து நின்றார்கள். அன்றைக்குச் செத்த கத்தோலிக்கர்களில் 167 பேரின் பெயர்களை விசுவாசத்தின் சாட்சிகள் பட்டியலில் வத்திக்கான் சேர்த்திருப்பதாகக் கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் அறிவித்தார். 2020 பாஸ்காவிலேயே, தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்று சொன்னவர் அவர். அதற்காகக் கேள்வி கேட்பதை அவர் நிறுத்தவில்லை. தாக்குதல் வரப்போகிறது என்று இந்திய உளவுத்துறை முன்கூட்டியே எச்சரித்தும் இலங்கை அதிகாரிகள் கோட்டை விட்டார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவையே 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. பின்னால் இருந்து நடத்தியது யார் என்ற கேள்வியை ஒவ்வொரு ஏப்ரலிலும் இந்த ஜனங்கள் எழுப்புகிறார்கள். மன்னிப்பது என்றால் விட்டுவிடுவது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். லாரிக்காரர் மேல் நடக்கிற வழக்கை விட்டுவிடச் சொன்ன சொந்தக்காரர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

வெளியே வந்து மீதிப் பாணைக் கொடுத்தோம். கோயிலைச் சுற்றி உட்கார்ந்திருந்த கிழவிகள், துறைமுகத்துக் கூலி ஆட்கள், ஒரு பார்வையில்லாத லாட்டரிக்காரர். ஆட்டோக்காரரும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். ஒவ்வொரு பாணுக்கும் அம்மா தம்பி பெயரைச் சொன்னாள். வாங்கியவர்களும் அந்தப் பெயரை ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். அவன் பெயரை இத்தனை வாய்கள் சொல்லிக் கேட்டு எட்டு மாதமாகிவிட்டது. சுரூபத்தின் காலடியில் வைத்து எடுத்த அந்த ஒரு பாண் மட்டும் அம்மா கையிலேயே இருந்தது. கொடுக்க மனம் வரவில்லை போல. நானும் கேட்கவில்லை.

மதியம் செட்டியார் தெருப் பக்கம் ஒரு கடையில் சோறும் மீன்குழம்பும் பருப்பும், 450 ரூபாய். ஒன்றரை மணி இருக்கும். கடை டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் "பாப்பரசர் காலமாயிட்டார்" என்று கத்தினான். அம்மா சோற்றுக் கையோடு எழுந்து நின்றாள். "நேத்துதானே மாடத்துல வந்து ஆசீர்வாதம் குடுத்தாரு?" முதல் நாள் உயிர்ப்பு ஞாயிறன்று கூட்டத்துக்கு நடுவே வலம்கூட வந்திருந்தார் பிரான்சிஸ். 2015 ஜனவரியில் இதே கொழும்பு காலிமுகத்திடலில் யோசேப் வாஸ் அடிகளைப் புனிதராக உயர்த்தியவர். கடைக்காரர் இந்து. டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு எங்களிடம் வந்து, "உங்களுக்கு வேண்டியவர் இல்லையா" என்றார், வீட்டில் சாவு விழுந்தவர்களிடம் கேட்பது போல. சாப்பாட்டுக்குக் காசு வாங்க மறுத்தார். பிறகு பாதி வாங்கிக்கொண்டார்.

22 ஏப்ரல், செவ்வாய். ரயிலில்

விடியற்காலை ரயில். கண்டியில் புத்தரின் புனிதப் பல்லைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். கோட்டை ரயில் நிலையம் முழுக்க வெள்ளை உடுத்த ஜனம். பாதிப்பேர் பொல்கஹவெலயில் இறங்கிக் கண்டிக்கு மாறுகிறவர்கள். எங்களுக்கு உட்கார இடம் இல்லை. கையில் தாமரை மொட்டுக் கட்டோடு இருந்த ஓர் இளம் தாய், தன் பையனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அம்மாவுக்கு இடம் கொடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் பையன் பசிக்கு அழுதான். அம்மா பையைத் திறந்து அந்தப் பாணை எடுத்தாள். ஒரு நாள் பழையது, ஓரம் கொஞ்சம் காய்ந்திருந்தது. பிய்த்து முதலில் பையனுக்கு, அப்புறம் அவன் தாய்க்கு, எனக்கு, எதிர் சீட்டில் இருந்த கிழவருக்கு. கடைசித் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். முப்பத்தொன்றும் முடிந்தது.

மாகோ தாண்டியதும் கூட்டம் குறைந்தது. இறால் வடை விற்றுக்கொண்டு வந்தார்கள், காய்ந்த மிளகாயோடு, பள்ளிக்கூட நோட்டுத் தாளில் சுற்றி. என் தாளில் ஏதோ ஒரு பிள்ளையின் வகுத்தல் கணக்கு, சிவப்பு மையில் சரி போட்டிருந்தது. மனம்பிட்டி பாலம், வெலிக்கந்தை, வாழைச்சேனை, ஏறாவூர். சிங்களப் பெயர்ப் பலகைகளுக்குள் தமிழ் பெரிதாகிக்கொண்டே வந்தது.

இரவு மட்டக்களப்பில் போனைத் திறந்தால் காஷ்மீர். பஹல்காமில் சுற்றுலாப் பயணிகளைச் சுட்டுக் கொன்றிருக்கிறார்கள். மலைப் புல்வெளியில் குடும்பத்தோடு நின்றவர்களை. அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் விடுதிக்காரர், முஸ்லிம் பெரியவர், சாப்பாடு வைக்கும்போதே, "உங்கட நாட்டுல இப்பிடி ஆயிட்டே மகள்" என்று சொல்லிவிட்டார். அவர் குரல் உடைந்திருந்தது. அம்மா சாப்பிடாமல் எழுந்து போய் மெழுகுதிரி ஏற்றினாள்.

23 ஏப்ரல், புதன். மட்டக்களப்பு

சீயோன் தேவாலயம் மத்திய வீதியில். அன்று ஞாயிறு பள்ளி முடிந்து பிள்ளைகள் காலைச் சாப்பாட்டுக்கு வெளியே வந்திருந்த நேரம். தோளில் கனத்த பையோடு வந்தவனைச் சந்தேகப்பட்டு உள்ளே விடாமல் தடுத்து வெளியே நிறுத்தினார் சபையைச் சேர்ந்த ஒரு தகப்பன். குண்டு முற்றத்திலேயே வெடித்தது. அந்தத் தகப்பனும் போய்விட்டார். உள்ளே நிறைந்திருந்த சபை தப்பியது. ஆனால் முற்றத்தில்தான் பிள்ளைகள் நின்றார்கள். செத்தவர்களில் 14 பேர் குழந்தைகள்.

அந்தக் கணக்கை என்னால் எந்தப் பக்கமும் நேர் பண்ண முடியவில்லை. ஆண்டவர் காப்பாற்றினார் என்று சொன்னால் பிள்ளைகளை என்ன சொல்வது? கைவிட்டார் என்று சொன்னால் வாசலில் நின்ற அந்த மனிதரை என்ன சொல்வது? சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததை இயேசுவே பேசியிருக்கிறார். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்றார். ஏன் விழுந்தது என்று சொல்லவில்லை. லாசர் கல்லறைக்கு முன்னால் விளக்கம் கொடுக்காமல் அழுதார். என் வீட்டுத் துக்கத்துக்கு வந்தவர்கள் இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லியிருந்தால் போதும், நான் கோயிலில்தான் இருந்திருப்பேன்.

அம்மா வெளியே தெருவில் நின்றே செபமாலையில் ஒரு பத்து மணி சொன்னாள். அங்கிருந்த ஒரு பெண் நாற்காலி கொண்டுவந்து போட்டு, "இருங்க அம்மா, வெயில்" என்றாள். தேத்தண்ணி தந்தாள். நாங்கள் கத்தோலிக்கர் என்றோம். "அதுக்கென்ன" என்றாள்.

மாலையில் விடுதிக்காரரின் மருமகன் ஆட்டோவில் கல்லடிப் பாலம் தாண்டிக் கூட்டிப்போனார். கல்லடிக் கடற்கரையில் திருச்செந்தூர் முருகன் கோயில், 2004 சுனாமியில் சாய்ந்த கோபுரம். "நம்ம திருச்செந்தூரா!" என்று அம்மா இறங்கி நின்று பார்த்தாள். அப்புறம் காத்தான்குடி. 1990 ஆகஸ்ட் 3 வெள்ளி இரவு, பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்ற ஊர். சுவரில் குண்டு துளைத்த ஓட்டைகளை அடைக்காமல் வைத்திருக்கிறார்கள். 2019 தாக்குதலின் தலைவன் பிறந்ததும் இதே ஊர். அவனைப் பற்றி ஊர்க்காரர்களே முன்பு போலீஸில் புகார் கொடுத்திருந்தார்கள். "இங்க தொழுகையில செத்தாக்கள். அங்க பூசையில செத்தாக்கள்" என்றார் அந்த இளைஞர். "எங்கட ஊர்ப் பேரச் சொல்லவே கொஞ்ச நாள் வெக்கமா இருந்த." அம்மா அவர் தோளில் கை வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

24 ஏப்ரல், வியாழன். திரும்பும் ரயில்

எருமைத் தயிர்ச் சட்டி ஒன்று வாங்கினோம். ஸ்டேஷனிலேயே விளிம்பு உடைந்து பாதி என் பாவாடையில் கொட்டியது. மீதியைப் பெட்டியில் இருந்தவர்களோடு பகிர்ந்து பாணிச் சர்க்கரை விட்டுச் சாப்பிட்டோம்.

விளக்கை அணைத்த பிறகு அம்மா இருட்டில் கேட்டாள்: "ஆகஸ்ட்ல அவனுக்கு வருஷப் பூசை வைக்கணும். நீ வருவியா?"

"வாறேம்மா."

அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ரயில் ஆடிய ஆட்டத்தில் செபமாலை அவள் விரலிலிருந்து நழுவி என் மடியில் விழுந்தது. எந்த மணியில் நிறுத்தியிருந்தாள் என்று தெரியவில்லை. விரல் பட்ட மணியிலிருந்து தொடங்கினேன்.